எவர்பேரிங் ராஸ்பெர்ரி விஷயமாக மாப்பிள்ளைக்கு

விஸ்வநத்தம்,
கார்த்திகை மாதம், மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை விக்னேஷ்வரன் அவர்களுக்கு, மாமனார் செல்லப்பாண்டி எழுதிக்கொண்டது. தாங்களும் மகள் யோகலட்சுமியும் பேத்தியும் அந்த ஸ்காட்லாந்துக் குளிரில் சௌக்கியமாக இருப்பதைத் தங்கள் அத்தையின் போனுக்கு வரும் படங்களில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சந்தோஷம். இங்கே நான் சௌக்கியமில்லை. தங்கள் அத்தை சௌக்கியமா என்று எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ஆனால் அவள் என்னோடு பேசுவதில்லை. அதற்குக் காரணம் தாங்கள்.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லிப் பார்த்தாயிற்று. வீடியோவில் நான் கோபமாக வாயைத் திறந்தால் யோகலட்சுமி போனைப் பாப்பா பக்கம் திருப்பிவிடுகிறாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரைத் திட்ட முடியும். சரி என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, வாட்ஸ்அப்பில் நீளமாக அனுப்பினேன். அதற்குத் தாங்கள் ஒரு கட்டைவிரல் பொம்மை அனுப்பினீர்கள். முப்பது வருஷமாகப் பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருக்கிற மனுஷன் ஒரு கட்டைவிரலோடு எப்படிச் சண்டை போடுவது. அதனால்தான் தபால். இன்னொரு விஷயம், கோபம் ஏற ஏற எனக்குத் 'தாங்கள்' என்று எழுத வரவில்லை. இனிமேல் 'நீங்கள்' என்று எழுதுகிறேன். அதற்குக் கீழே இறங்க மாட்டேன், மாப்பிள்ளைக்குரிய மரியாதை எனக்குத் தெரியும்.

போன வருஷம் உங்கள் அத்தை பொன்னுத்தங்கம் அங்கே வந்து தங்கியிருந்தாள் அல்லவா, அப்போது உங்கள் வீட்டுப் பின்பக்கம் வேலியோரமாகக் காய்த்துக் கிடந்த ராஸ்பெர்ரியைப் பாப்பா பத்து விரலிலும் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்றதாம். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் திரும்பி வந்ததிலிருந்து இவளுக்கு வேறு பேச்சே கிடையாது. ஏரோப்பிளேன் எப்படி இருந்தது என்று தெருவில் கேட்டால் ராஸ்பெர்ரி என்பாள், குளிர் தாங்கிச்சா என்று கேட்டால் ராஸ்பெர்ரி என்பாள். அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. போன பொங்கலன்று பாப்பா போனில், "அம்மாச்சி, உங்க வீட்டுல ராஸ்பெர்ரி இருக்கா?" என்று கேட்டுவிட்டது. இவள் கொஞ்சமும் யோசிக்காமல், "அடுத்த பொங்கலுக்கு நீ வாத்தா, மாடி பூராம் காச்சுக் கெடக்கும்" என்று சொல்லிவிட்டாள். அப்போது பக்கத்தில் இருந்த நீங்கள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீங்கள் படித்தவர். சிவகாசி வெயிலில் கல்யாணத்தன்று கோட்டுப் போட்டுக்கொண்டு மயங்கி விழுந்தவர். "அத்தை, அது குளிர் நாட்டுச் செடி, அங்கே வராது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் குடும்பம் பிழைத்திருக்கும். நீங்கள் சொன்னது என்ன? "வரும் அத்தை, எவர்பேரிங்னு ஒரு ரகம் இருக்கு, வருஷத்துக்கு ரெண்டு தடவை காய்க்கும்."

அந்த நிமிஷத்தில் பிடித்த சனி இது. பொங்கல் கழித்து ஒரு கூரியர்க்காரன் நீளமான அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். இமாச்சலப் பிரதேசத்திலிருந்து நீங்கள் ஆர்டர் போட்டதாம். பிரித்துப் பார்த்தால் உள்ளே குச்சி. இலை கிடையாது, மொட்டு கிடையாது, காய்ந்துபோன குச்சி, அதில் பொடி முள் வேறு. வெந்நீர் அடுப்புக்கு ஆகும் என்று நான் ஓரமாக எடுத்து வைத்தேன். உங்கள் அத்தை ஓடிவந்து பிடுங்கிக்கொண்டு, பெற்ற பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். பின்னாலேயே டிரம்கள் வந்தன. செம்மண் டிராக்டரில் வந்தது, ஏனென்றால் நம் கரிசல் மண் அந்த மகாராணிக்கு ஆகாதாம். தென்னை நார்க்கழிவு வந்தது. பச்சை நிழல்வலை வந்தது. மாடியைச் சுற்றி ஆள் உயரத்துக்கு வலை கட்டி, மேலேயும் மூடி, யாரையும் ஏறவிடாமல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தெருப்பெண்கள் மாடியில் என்னக்கா என்று கேட்டால் எவர்பேரிங் என்றாள். அவர்கள் எவர்சில்வர் என்று புரிந்துகொண்டு, பொன்னுத்தங்கம் அக்கா பாத்திர யாவாரம் ஆரம்பிச்சிருச்சு என்று ஊர் பூராவும் சொல்லிவிட்டார்கள். ஒருத்தி குடம் விலை கேட்டு வாசலுக்கே வந்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, குச்சி துளிர்த்தது. மாசி மாதம் இலை வந்தபோது நானும் போய்ப் பார்த்தேன். அதற்குப் பிறகு பங்குனி வந்தது. பங்குனியில் இங்கே என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? நண்பகலில் வெடிமருந்து அறையில் வேலை ஓட்டக் கூடாது என்று நாங்களே கதவைச் சாத்துகிற வெயில். இலையெல்லாம் அப்பளம் மாதிரி சுருண்டது. உடனே உங்களுக்கு வீடியோ போட்டாள். நீங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கையில் காப்பியோடு, "வெயில் கொஞ்சம் ஜாஸ்தியோ மாமா?" என்று கேட்டீர்கள். கொஞ்சம். அந்தக் 'கொஞ்சம்' என்ற வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை. அதோடு விட்டீர்களா, வேரைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். எதை வைத்து? ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று ஊரே தினசரி விசாரித்துக்கொண்டிருக்கிற காலம் அது. குழாயில் நல்ல தண்ணீர் வருகிற நாளில் முதல் குடம் செடிக்கு, மீதிதான் எங்களுக்கு. நான் போர் தண்ணீரில் குளித்துத் தலைமுடி கயிறு மாதிரி ஆனதுதான் மிச்சம். அதுவும் போதாது என்று சித்திரையில் ஐஸ் வைக்க ஆரம்பித்தாள். ஐஸ் எங்கே கிடைக்கும்? மீன் கடையில். தினம் கம்பெனி விட்டதும் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் சாக்குப்பையில் மீன் ஐஸைக் கட்டிக்கொண்டு வந்து மாடியேற்றினேன். ஐஸ் உருகி மீன் வாசம் மண்ணில் இறங்கி, தெருவில் உள்ள பூனையெல்லாம் வலையைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்து டிரம் டிரம்மாகத் தோண்டின. நான் கம்பை எடுத்துக்கொண்டு பூனை விரட்டியதைப் பார்த்துக் கம்பெனிப் பிள்ளைகள் சிரித்தார்கள். இதெல்லாம் உங்களுக்குக் 'கொஞ்சம்'.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து படியுங்கள். ஆடியில் இலை மஞ்சளாகிறது என்று இவள் சொன்னதற்கு, நம் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், மண்ணில் புளிப்புத் தன்மை வேண்டும், அதற்குக் கந்தகம் போடுங்கள் என்று சொன்னீர்கள். மாப்பிள்ளை, நான் என்ன வேலை பார்க்கிறேன்? தினமும் காலையில் கேட்டில் நின்றுகொண்டு, உள்ளே வருகிற ஒவ்வொருவர் பையிலும் தீப்பெட்டி இருக்கிறதா, போன் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறவன். சாயங்காலம் போகிறவர்கள் நகக்கண்ணில் மருந்து ஒட்டியிருந்தால்கூடக் கழுவிவிட்டுப் போ என்று திருப்பி அனுப்புகிறவன். கம்பெனியிலிருந்து ஒரு சிட்டிகை கந்தகம் என் வீட்டுக்கு வந்தது கிடையாது. ஆகவே முறையாக உரக்கடைக்குப் போய், மிளகாய்ச் செடிக்குத் தண்ணீரில் கரைத்து அடிக்கிற கந்தகத்தை மூட்டையோடு வாங்கி வந்தேன். அந்த மூட்டை மேல் தண்ணீர் கொட்டி நமத்துவிட்டது. உங்கள் அத்தை அதை என் பழைய வேட்டியில் பரப்பி மாடியில் காயப்போட்டாள்.

யோசித்துப் பாருங்கள். ஆவணி மாதம், தீபாவளி சீசன். வீட்டில் வைத்துத் திருட்டுத்தனமாகப் பட்டாசு கட்டுகிறவர்களைத் தேடி ஆபீசர்கள் தெருத்தெருவாக வருகிற நேரம். ஒரு ஃபோர்மேன் வீட்டு மாடியில் சுற்றிலும் வலை, வரிசையாக டிரம், பூட்டிய கதவு, தினம் சாக்குப்பையில் ஏதோ ஏறுகிறது, வேட்டி நிறைய மஞ்சள் பொடி காய்கிறது, தெரு பூராவும் கந்தக வாடை. எதிர் வீட்டு வெள்ளைத்தாய் தகவல் கொடுத்துவிட்டாள். அவளை நான் குறை சொல்ல முடியாது. எங்கள் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். 'கந்தகத்தை வீட்டுப் பக்கம் பார்த்தால் யாராக இருந்தாலும் உடனே சொல்லுங்கள், நாலு உயிர் பிழைக்கும்' என்று ஒவ்வொரு சீசனிலும் அவளை உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறவன் நான்தான். இத்தனை வருஷத்தில் என் பாடத்தை ஒழுங்காகக் கேட்டவள் அவள் ஒருத்திதான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஜீப் வந்து நின்றது. ஒரு பெண் இன்ஸ்பெக்டர், தாலுகா ஆபீஸ் ஆட்கள், பின்னால் தண்ணீர் லாரியோடு தீயணைப்பு வண்டி. தெருவே கூடிவிட்டது. நான் பனியனோடு கைகட்டி நிற்கிறேன். இன்ஸ்பெக்டர் அம்மா மாடியேறி, செடிகளைப் பார்த்து, இதெல்லாம் என்ன என்று கேட்டார். உங்கள் அத்தை தைரியமாக, "எவர்பேரிங்குத்தா" என்றாள். அவர் பேரிங் என்று எழுதிக்கொண்டே, எந்த வண்டிக்கு என்று கேட்டார். நான் குறுக்கே விழுந்து, அம்மா இது பழம், எங்கள் மாப்பிள்ளை ஸ்காட்லாந்திலிருந்து சொல்லி என்று ஆரம்பித்தேன். பழம் எங்கே என்று கேட்டார். பொங்கலுக்குக் காய்க்கும் என்றாள் இவள். ஆவணியில் நின்றுகொண்டு, ஒரு பூகூட இல்லாத முள்குச்சியைக் காட்டி, பொங்கலுக்குப் பழம் என்றால் எந்த போலீஸ்காரர் நம்புவார்? கடைசியில் உரக்கடை மூட்டையில் போட்டிருந்த மிளகாய்ப் படம்தான் எங்களைக் காப்பாற்றியது. பொடியைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தார்கள், பட்டாசுக் கந்தகம் என்றால் மிதக்கும், இது பால் மாதிரி கரைந்தது. கீழே இறங்கும்போது அந்த அம்மா கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நீங்க ஊருக்குத் தெரிஞ்ச ஃபோர்மேனு. இந்தச் சீசன்ல கந்தகத்த மாடில காயப்போடலாமாய்யா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

இரண்டொரு வாரம் கம்பெனிப் பக்கம் வர வேண்டாம் என்று முதலாளி சொல்லியனுப்பினார். ஆபீசர்கள் எழுதிக் கொடுத்த பிறகு வந்தால் போதுமாம். ஆர்டர் குவிந்து, லோடு லாரிகள் வரிசையில் நிற்கிற நேரத்தில், நான் வீட்டில் உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீபாவளி சீசனில் நான் வேலைக்குப் போகாத ஒரே வருஷம் இதுதான். திரும்பிப் போன அன்றைக்குக் கேட்டில் நின்று பையைச் சோதிக்கிறேன், முருகம்மாள் என்கிற கிழவி, என்னிடம் எத்தனையோ தடவை திட்டு வாங்கியவள், நின்று நிதானமாக, "அண்ணாச்சி, உங்க பைய யாரு பாக்குறாக?" என்று கேட்டாள். வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. நான் என் சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன். மாப்பிள்ளை, அந்தக் கேட்டில் என்னை அப்படி யாரும் கேட்டது கிடையாது.

இத்தனைக்குப் பிறகும் நான் உங்களை ஒன்றும் சொல்லவில்லை. இதைக் கவனியுங்கள். தீபாவளி முடிந்து கம்பெனி லீவு விட்டதும், செடி அடர்ந்துவிட்டது, மழைக்கு முன் கழித்துவிட வேண்டும் என்றாள் இவள். உங்களிடம் கேட்டோம். காய்த்த கம்பை மட்டும் வெட்டுங்கள், புதுக் கம்பை விட்டுவிடுங்கள் என்று குரல் பதிவு அனுப்பினீர்கள். எந்தக் கம்பும் காய்க்கவே இல்லையே, அப்புறம் எதை வெட்டுவது? இதைக் கேட்டு அனுப்பினேன், அதற்கும் ஒரு கட்டைவிரல்தான் வந்தது. சரி, உயரமாக இருப்பது பழைய கம்பாகத்தான் இருக்கும் என்று நானாகக் கணக்குப் போட்டேன். அதோடு அந்த உயரக் கம்புகளின் நுனியில் பொட்டுப் பொட்டாக என்னவோ புடைத்துக்கொண்டிருந்தது, ஏதோ நோய் என்று நினைத்தேன். கத்தரியை எடுத்து உயரமானதையெல்லாம் அடியோடு வெட்டிக் குவித்தேன். குட்டையாக இருந்த சிலதை விட்டுவைத்தேன். உங்கள் அத்தை காப்பி கொண்டுவந்தவள், வெட்டிப் போட்டதில் ஒன்றைக் கையில் எடுத்து நுனியைப் பிதுக்கிப் பார்த்தாள்.

"மொட்டு வச்சிருந்துச்சு," என்றாள். காப்பியைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

அன்றைக்கு நிறுத்திய பேச்சுதான். சாப்பாடு தயார் என்றால் அவள் யோகலட்சுமிக்குப் போன் போடுகிறாள், யோகலட்சுமி அங்கிருந்து எனக்குப் போன் போட்டு, "அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடுது" என்கிறாள். அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான், என் சோறு ஸ்காட்லாந்து போய்விட்டு வருகிறது. அங்கே உங்களுக்கு விடியாத நேரத்தில் இங்கே காலைப் பலகாரம் என்பதால் பல நாள் இட்லி ஆறிவிடுகிறது. உப்பு குறைந்தால் நானும் அங்கேதான் சொல்லியனுப்ப வேண்டியிருக்கிறது.

இதையும் பொறுத்திருப்பேன். போன வாரம் நீங்கள் குடும்பக் குழுவில் ஒரு செய்தி போட்டீர்கள். 'இந்தப் பொங்கலுக்கு வர முடியாது, ஆபீசில் லீவு இல்லை, ஸாரி.' இரண்டு வரி. அதை இவள் முன்னறையில் உட்கார்ந்து படித்தாள். அழவில்லை, யாருக்கும் போன் போடவில்லை. சின்ன வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், வழக்கம்போல, மிச்சமிருந்த குட்டைக் கம்புகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். யாருக்காக ஊற்றுகிறாள் என்று நான் கேட்கவில்லை, எப்படிக் கேட்பது, யோகலட்சுமி வழியாகவா? போலீஸ் வந்தபோது வராத கோபம் எனக்கு அன்றைக்கு வந்தது. வெயிலைக் கொஞ்சம் என்றீர்கள், பொறுத்தேன். ஒரு சின்னப் பிள்ளைக்குக் கொடுத்த வார்த்தைக்காக ஒரு பொம்பளை வருஷம் முழுக்கத் தண்ணீர் சுமந்திருக்கிறாள், அவளுக்கு இரண்டு வரியில் ஸாரி போடுகிறீர்கள். லீவு இல்லையென்றால் இல்லைதான், நானும் வேலை பார்க்கிறவன், எனக்குத் தெரியும். அதைக் கூப்பிட்டு, "அத்தை" என்று ஒரு வார்த்தை சொல்லிச் சொன்னால் என்ன?

ஆகவே முடிவாக எழுதுகிறேன். நாளைக் காலை மண்வெட்டியோடு மாடிக்குப் போய் மிச்சமிருக்கிற எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கப் போகிறேன். டிரம்மில் கறிவேப்பிலை வைப்பேன், அது யாருடைய ஆலோசனையும் கேட்காமல் வளரும். இனிமேல் குச்சியோ விதையோ கிழங்கோ எதுவும் இந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். செடி வளர்ப்பு பற்றி எனக்கு நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம், நானும் உங்களிடம் ஒருபோதும் கேட்க மாட்டேன். இது என் கடைசி வார்த்தை.

மற்றபடி நம் குலசாமி உங்கள் மூன்று பேரையும் சளி காய்ச்சல் இல்லாமல் வைத்திருக்கட்டும். வேலையில் உங்களுக்கு மேலும் உயர்வு வரட்டும், அதோடு லீவும் கொடுக்கட்டும். பாப்பாவின் இரண்டு கன்னத்திலும் என் முத்தம். யோகலட்சுமியைக் கேட்டதாகச் சொல்லவும். கோபம் குறையாத மாமனார்,

செல்லப்பாண்டி.

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை தபாலாபீஸ் கிடையாது என்பதால் கடிதம் வீட்டிலேயே இருந்தது. இன்று திங்கள். விடிந்ததும் மண்வெட்டியோடு மாடிக்குப் போனேன். உங்கள் அத்தை எனக்கு முன்னாலேயே அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நாலு நாள் மழையும் மூடாப்புமாக இருந்ததில் அந்தக் குட்டைக் கம்புகள் தழைத்திருந்தன. நான் டிரம்மில் கை வைத்ததும், "தொடாதீக, விழுந்துரும்" என்றாள். என்னிடம் நேராகச் சொன்னாள், யோகலட்சுமிக்குப் போன் போடவில்லை. இலையை ஒதுக்கிக் காட்டினாள். நுனியில் மூன்று பழம், சிவப்பாக, சுண்டைக்காய்த் தண்டியில். அவள் பேச்சைக் கேட்டு நான் தொடவில்லை, ஆனாலும் ஒன்று தானாக விழுந்தது. அதைப் பாதியாகக் கிள்ளி எனக்கும் கொடுத்தாள். புளிப்பு என்றால் அப்படி ஒரு புளிப்பு. "நல்லாத்தேன் இருக்கு, என்ன?" என்றாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல.

மேலே எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, ஒரு நாள் முழுக்க மெனக்கெட்டு எழுதியது. படித்துவிட்டு மறந்துவிடுங்கள். இப்போது ஒரு சந்தேகம், அவசரம். நுனியில் காய்த்த கம்பை வெட்டாமல் விட்டால் அதே கம்பில் அடிப்பக்கம் கோடையில் இன்னொரு தடவை காய்க்கும் என்று நீங்கள் முன்பு சொன்ன ஞாபகம். அது நிஜம்தானா? பாப்பாவுக்கு ஏப்ரலில் பள்ளிக்கூட லீவு உண்டா? அப்போதாவது உங்களுக்கு லீவு கிடைக்குமா? வெட்டவா, விடவா என்று அத்தையைக் கூப்பிட்டு நீங்களே சொல்லுங்கள். கத்தரியை அவள் வாங்கி வைத்துக்கொண்டாள், நீங்கள் சொன்னால்தான் தருவாளாம்.